வண்டித் தகட்டை வெட்டுமுன்

எஸ்டேட் சாலைச் சேறும் மழையும் சேர்ந்து உங்கள் பழைய வேனின் பின்சக்கர மட்கார்டை அரித்துவிட்டனவா? துருவை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைக்கலாம்தான். ஆனால் கருவியைத் தேடுமுன், தகட்டின் பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

பல வண்டிகளில் பெட்ரோல் ஊற்றும் குழாய் அங்கேதான் செல்கிறது. டாங்கி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். கிரைண்டரின் தீப்பொறி ஒன்று போதும், குடும்பமே தவிக்க! டாங்கியும் குழாயும் கழற்றப்படாத வரை அந்த இடத்தில் கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. ஓரங்களுக்குத் தகரக் கத்தரி போதும். சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக வெட்டும். தகட்டின் நடுவே வெட்ட, துளையிட்டு நிப்ளரை நுழையுங்கள், தகடு நெளியாது. கை ரம்பம் என்றால் அங்குலத்துக்கு 32 பல் உள்ள அலகை வாங்குங்கள். பெரிய பல் மெல்லிய தகட்டில் சிக்கிக்கொள்ளும்.

ஆபத்தில்லாத இடத்தில் கிரைண்டர் பிடிப்பவர்கள் 1 மி.மீ. வட்டைப் பயன்படுத்தலாம். பேட்டரியைக் கழற்றுங்கள்; கண்ணாடி அணியுங்கள்; தீயணைப்பானை அருகில் வையுங்கள்.

வெட்டிய விளிம்புக்குத் துத்தநாகப் பூச்சு அடிக்க மறவாதீர்கள். இல்லையேல் துரு திரும்பவும் விருந்துக்கு வந்துவிடும்!