சுவரும் சோலார்தான், அப்பனே!

சோலார் என்றாலே நம்மாட்களுக்கு மொட்டை மாடியும் நீலக் கலர் பேனலும்தான் ஞாபகம் வரும். போன வாரம் மேற்குத் தாம்பரம் டீக்கடையில் இதை வைத்துத்தான் சண்டை. கூடப் படிக்கும் நண்பன் ஒருவன் (படிப்பது பி.காம், பேச்சு மட்டும் பி.இ.) லடாக்கில் குளிர்காலத்தில் காய்கறி வளர்க்க வழி சொன்னான். பசுமைக்குடில் கட்டு, பேனல் போடு, பேட்டரி வை, ஹீட்டர் மாட்டு, முடிந்தது கதை என்றான்.

முடியவில்லை. அங்கே ஹீட்டரே இல்லாமல் கீரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். ஆனால் வருடத்தில் ஏறக்குறைய 300 நாள் நல்ல வெயில். பனி மூடிச் சாலை அடைபட்டால் பச்சைக் காய்கறி விமானத்தில் வந்தால்தான் உண்டு. விலையை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். வாங்க முடியாத வீடுகளில் குழியில் பத்திரப்படுத்திய உருளைக்கிழங்கும் டர்னிப்பும்தான் மாதக்கணக்கில்.

ஜெரெஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் லடாக் அமைப்புகளோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பசுமைக்குடில்களைக் கட்ட உதவியது. இதற்காக 2009ல் ஆஷ்டன் விருதும் கிடைத்தது. அமைப்பு ரொம்ப எளிது. தெற்குப் பக்கம் முழுக்க பாலிதீன். மற்ற மூன்று பக்கமும் தடித்த மண் சுவர், அதுவும் இரட்டைச் சுவர். நடுவில் வைக்கோல் மாதிரி ஏதாவது அடைப்பார்கள். வெயில் விழும் உள்சுவருக்குக் கருப்பு வண்ணம். பகலெல்லாம் சுவர் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல மெல்லக் கக்கும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். லடாக்காரர்கள் யோசித்துக் கட்டுவதை நாம் யோசிக்காமலே கட்டி, அதைக் குளிர வைக்க ஏ.சி. வாங்குகிறோம். ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டிடங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். லேயில் இருக்க வேண்டியவை!

சரி, கணக்குக்கு வருவோம், அதைத்தானே படிக்கிறோம். பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்ட் ஆக்கும். அதைப் பேட்டரியில் தேக்கி, மறுபடி சூடாக்க வேண்டும். அந்தக் குளிரில் பேட்டரிக்கே போர்வை போர்த்த வேண்டும்! கருப்புச் சுவரோ விழும் வெயிலில் பெரும்பகுதியை நேரடியாகச் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. மண் உள்ளூர் மண், உழைப்பு வீட்டுக்காரரின் உழைப்பு. பாலிதீன் மாதிரி வெளியிலிருந்து வர வேண்டியதற்கு மட்டும் திட்டம் கைகொடுத்தது.

என் ஆதங்கம் என்னவென்றால், இந்தச் சுவருக்கு மீட்டர் கிடையாது. எத்தனை யூனிட் என்று காட்டாததால் நாட்டின் கிகாவாட் கணக்கில் அது பூஜ்யம். லடாக்கில் வரப்போகும் 13 கிகாவாட் திட்டத்தின் மின்சாரத்தை ஹரியானாவின் கைத்தல் வரை கொண்டுபோகும் மின்பாதைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 20,773 கோடி ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, நாட்டுக்குக் கரண்ட் வேண்டும். ஆனால் கம்பியில் போகும் வெயிலுக்குத்தான் சோலார் என்று பெயர், அதே ஊரில் ஒரு வீட்டுக்கு ஜனவரியில் கீரை தரும் வெயிலுக்குப் பெயரே இல்லை என்றால் எப்படி?

குறை இல்லாமல் இல்லை. பாலிதீன் சில வருடங்களில் நைந்துபோகும், மாற்ற வேண்டும். ராத்திரி மேலே துணி போர்த்தி, காலையில் எடுக்க ஆள் வேண்டும். மலை நிழல் விழும் வீடுகளுக்கு இது சரிப்படாது. நடுக்குளிரில் தக்காளி எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, கீரை வகைகள்தான்.

நண்பன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மண் சுவருக்கு தேய்மானம் எத்தனை சதவீதம் போடுவாய் என்கிறான்.