பெரிய கம்பெனியின் பெயரும் நம் பிள்ளைகளின் முதல் வேலையும்

2025 ஜூலை இறுதியில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை, வேலையிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களே பெரும்பாலும் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. செய்தி வந்த வாரத்தில் எங்கும் ஒரே பேச்சு: "டிசிஎஸ்லயே இப்படின்னா, மத்த இடமெல்லாம் என்ன ஆகும்?" அந்த 'லயே' என்ற இரண்டெழுத்துக்குள் ஒரு தலைமுறைப் பெற்றோரின் நம்பிக்கை அடங்கியிருக்கிறது. பெரிய பெயருள்ள இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கை அது.

கம்ப்யூட்டர் துறையைவிட வணிகத் துறையில் இந்த நம்பிக்கை இன்னும் ஆழமானது. பி.காம்., பி.பி.ஏ., சி.ஏ., எம்.பி.ஏ. படித்த பிள்ளைகளின் வீடுகளில் டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி என்ற நான்கு பெயர்களுக்குத் தனி மரியாதை. தணிக்கை உலகில் 'பெரிய நான்கு' என்று அறியப்படுபவை இவைதாம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கம்பெனியின் பெயரைத்தான் கேட்கிறார்கள். பெயர் தெரிந்ததாக இருந்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. "ஹஜ்ரத், பையனுக்கு ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு, எதுல சேர்க்கலாம்?" என்று என்னிடம் கேட்க வருகிறவர்களும் இரண்டு பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அங்கே பிள்ளை என்ன வேலை செய்யப்போகிறான் என்று கேட்டால், "ஆபீஸ் வேலைதான்" என்பார்கள். வட்டி சார்ந்த வேலைகளைப் பற்றிய மார்க்கச் சட்டம் தனியாகப் பேச வேண்டியது. அதற்குள் இங்கே போகவில்லை.

பெயரைப் பார்த்து ஆளை மதிப்பது ஏதோ கார்ப்பரேட் உலகத்தின் பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆலிம்களாகிய நாங்களே எங்கள் பெயருக்குப் பின்னால் கல்விக்கூடத்தின் பெயரைச் சுமக்கிறவர்கள். வேலூர் பாகியாத்தில் ஓதியவர் பாகவி, உமராபாத்தில் ஓதியவர் உமரி, சென்னை ஜமாலியாவில் ஓதியவர் ஜமாலி, லால்பேட்டையில் ஓதியவர் மன்பயீ. ஒரு மஹல்லாவுக்கு இமாம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். அவர் எந்த ஆசிரியரிடம் எந்தக் கிதாபை எவ்வளவு ஆழமாக ஓதினார் என்பதை நிர்வாகிகளால் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே சனது கொடுத்த இடத்தின் பெயரை நம்புகிறார்கள்.

கம்பெனியில் ஆள் எடுப்பவரின் நிலையும் இதுதான். ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் ஆற அமரப் படிக்க நேரமில்லை. அறிமுகமான கம்பெனியின் பெயர் கண்ணில் பட்டால், 'இவனை வேறொருவர் ஏற்கெனவே சலித்து எடுத்திருக்கிறார்' என்று அவர் எடுத்துக்கொள்கிறார். துபாயிலும் ரியாத்திலும் கணக்காளர், தணிக்கையாளர் வேலைக்கு வரும் விளம்பரங்களில் 'பெரிய நான்கில் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்ற வரி சர்வ சாதாரணம்.

நம் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள், முக்கிய ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,800-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதே 2007-ல்தான் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதனால் பயனடைந்தவர்கள் ஏராளம். ஆனால் அது கல்விக்கும் அரசு வேலைக்கும்தான். தனியார் கம்பெனியின் வாசலில் அது செல்லாது. அங்கே மாமாவோ சித்தப்பாவோ மேனேஜராக இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் சிபாரிசும் நம்மில் மிகச் சிலருக்குத்தான் உண்டு. முதல் வேலையில் கிடைத்த ஒரு பெரிய பெயர், இரண்டாவது வேலைக்குப் போகும்போது அந்தச் சிபாரிசின் இடத்தில் நிற்கிறது. அதனால் பெரிய கம்பெனி வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவதை வெறும் பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் முழுக்கப் பிள்ளையின் திறமையைச் சார்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஓயர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தவர்களையே அவர் ஆராய்ந்தார். படிக்கும் காலத்தில் பங்குச்சந்தை ஏறுமுகமாக இருந்தவர்கள் நியூயார்க்கின் முதலீட்டு வங்கிகளுக்குள் அதிகமாக நுழைந்தார்கள். சந்தை சரிந்திருந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவாகத் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் முன்னவர்கள் அங்கேயே இருந்தார்கள், பின்னவர்கள் வெளியேதான் இருந்தார்கள். இரு சாராரும் ஒரே கல்லூரி, ஒரே பாடம். படிப்பை முடித்த ஆண்டுதான் வேறு. கேம்பஸ் தேர்வில் பெயர் வராத மகனை வீட்டில் வைத்துக் குத்திக்காட்டும் பெற்றோர் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

அடுத்து, பெரும்பாலான வீடுகளில் கவனிக்கப்படாத ஒன்று. ஒரே பெயருக்குள் பல கம்பெனிகள் இருக்கின்றன. பெரிய நான்கும் இந்தியாவில் இரண்டு வகையாக இயங்குகின்றன. ஒன்று, இந்தியக் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து, வரி ஆலோசனை சொல்லும் பிரிவு. அதிலும் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் நிறுவனத்துக்குப் பல சமயம் வேறு பெயர் இருக்கும். இஒய் குழுமத்துக்கு எஸ்.ஆர். பாட்லிபாய், கேபிஎம்ஜிக்கு பி.எஸ்.ஆர். மற்றொன்று, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் உள்ள கிளைகளுக்கு இங்கிருந்தபடியே வேலை செய்து கொடுக்கும் சேவை மையங்கள். பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பவை இவை. அமெரிக்கக்காரரின் வரிப் படிவத்தை இரவில் நிரப்பிக் கொடுக்கும் வேலையும், இந்தியக் கம்பெனியின் கிடங்குக்கே போய்ச் சரக்கை எண்ணிப் பார்த்து நிர்வாகியிடம் கேள்வி கேட்கும் வேலையும் ஒன்றல்ல. இரண்டுமே கண்ணியமான வேலைதான். ஆனால் மூன்று வருடம் கழித்து இரண்டும் இட்டுச் செல்லும் இடங்கள் வேறு வேறு. அதை அடுத்த கம்பெனிக்காரர் முதல் ஐந்து நிமிடக் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நமக்குத்தான் விசிட்டிங் கார்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது.

இன்னொரு வகையும் உண்டு. பெரிய வங்கியின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பான், கழுத்தில் அந்த வங்கியின் அடையாள அட்டை தொங்கும். ஆனால் சம்பளம் போடுவது ஆள் அனுப்பும் ஏஜென்சி. வேலையை விட்டு வரும்போது அனுபவச் சான்றில் இருப்பது ஏஜென்சியின் பெயர். பி.எஃப். கணக்கில் பதிவாகியிருப்பதும் அதுவே. அடுத்த வேலைக்குப் பின்னணி சரிபார்க்கும்போது அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். பிள்ளை பயோடேட்டாவில் வங்கியின் பெயரை எழுதி வைத்திருந்தால், அவன் வேண்டுமென்று பொய் சொல்லாவிட்டாலும் பொய் சொன்னவனாகிவிடுகிறான். நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் இது நேராது.

பெயருக்காக நாம் கொடுக்கும் விலையும் இருக்கிறது. 2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பெண் ஆடிட்டர் ஒருவர் இறந்தார். பெரிய நான்கில் ஒன்றில் சேர்ந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அளவுக்கு மீறிய வேலைச் சுமைதான் மகளைக் கொண்டுபோனது என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுவதும் பரவியது. வேலைச் சுமை காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் அதன் பிறகு சோதனைக்குப் போன மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரி, அந்த அலுவலகம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவே செய்யப்படாமல் பல ஆண்டுகள் இயங்கியதாகச் சொன்னார். வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கும் சட்டம் அது.

முதல் வேலைக்குப் போகும் பிள்ளை இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பெயர்தான். "ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, பேர் வந்துடும்" என்று நாமும் சொல்லி அனுப்புகிறோம். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயணமூர்த்தி 2023-ல் சொன்னபோது கோபப்பட்டவர்கள், தம் வீட்டுப் பிள்ளை அதைவிட அதிகம் உழைக்கும்போது பெருமைப்படுவதைக் காண்கிறேன்.

அப்படி விலை கொடுத்து வாங்கிய பெயர் நம் கையில் நிலைக்குமா? ஒரு காலத்தில் 'பெரிய ஐந்து' என்றுதான் சொன்னார்கள். ஐந்தாவது, ஆர்தர் ஆண்டர்சன். உலகம் முழுவதும் சுமார் 85 ஆயிரம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். அது தணிக்கை செய்த என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. ஆவணங்களை அழித்த வழக்கில் 2002 ஜூனில் ஆண்டர்சன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சில மாதங்களில் தணிக்கைத் தொழிலிலிருந்தே அது வெளியேறியது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது காப்பாற்றுவதற்குக் கம்பெனி இல்லை. என்ரானை வாழ்நாளில் பார்த்திராத கடைநிலை ஊழியரின் பயோடேட்டாவிலும் அந்தப் பெயர் இருந்தது. முறைகேட்டில் சிக்கிய கம்பெனியில் ஒரு காலத்தில் வேலை பார்த்த நிர்வாகிகள், அதில் தங்களுக்குப் பங்கே இல்லாதபோதும், சக நிர்வாகிகளைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு குறைவாகச் சம்பளம் பெறுகிறார்கள் என்று ஹார்வர்டைச் சேர்ந்த போரிஸ் குரோய்ஸ்பெர்க் குழுவினர் 2016-ல் எழுதினார்கள். கம்பெனி உயரும்போது கூடவே உயர்த்தும் பெயர், அது விழும்போது விட்டுவிட்டு விழுவதில்லை.

என் அனுபவத்தில் பெயரின் பலம் முதல் இரண்டு வேலை மாற்றங்கள் வரைதான். அதற்குப் பிறகு "எங்கே இருந்தாய்?" என்று கேட்பவர்கள் குறைந்து, "என்ன செய்தாய்?" என்று கேட்பவர்கள் கூடுகிறார்கள். சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அவர்களின் ஆர்ட்டிக்கிள்ஷிப் பயிற்சி மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. கற்றுக்கொள்ள இருக்கும் காலமே குறைவு. பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, ஒரு பெரிய கம்பெனியின் கணக்கில் ஒரே ஒரு தலைப்பை மட்டும் மாதக்கணக்கில் சரிபார்த்து அந்தக் காலத்தைக் கழித்தவர்கள் உண்டு. திருச்சியிலோ ஈரோட்டிலோ நடுத்தர ஆடிட்டரிடம் சேர்ந்தவன் வவுச்சர் பார்ப்பது முதல் ஜிஎஸ்டி, வருமான வரி விசாரணைக்கு ஆடிட்டரோடு போய் நிற்பது வரை எல்லாவற்றையும் தொட்டிருப்பான். தேர்ச்சி பெற்ற பின் அவன் பெரிய நான்குக்குள் போவதற்கும் வழி இருக்கிறது. பலர் போயிருக்கிறார்கள்.

கடைசியாக நம் கடைகளைப் பற்றி. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில், ஜவுளி, மண்டி, டிராவல்ஸ் என்று எத்தனையோ குடும்பங்களில் பி.காம். முடித்த மகன் இரண்டு மூன்று வருடம் வாப்பாவின் கடையைப் பார்க்கிறான். ஜிஎஸ்டி தாக்கல், இ-வே பில், வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு அறிக்கை, ஏற்றுமதியாக இருந்தால் எல்.சி. ஆவணங்கள் எல்லாம் அவன் கையில்தான். கேம்பஸில் தேர்வான அவன் நண்பன் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் வெளியே வேலை தேடும்போது அந்த மூன்று வருடத்தைப் பயோடேட்டாவில் வெற்றிடமாக விடுகிறான், அல்லது யாரோ சொன்னார்கள் என்று போலி அனுபவச் சான்று வாங்குகிறான். செய்த வேலை ஹலாலாக இருக்க, அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய்யை வாங்குவது எவ்வளவு பெரிய கைசேதம்! சேரும் நாளிலேயே வாப்பா அவனுக்கு முறையான நியமனக் கடிதம் கொடுக்கட்டும். சம்பளம் சிறியதாக இருந்தாலும் வங்கி வழியாகப் போகட்டும். கடையின் ஆண்டு வியாபாரம் எவ்வளவு, அதில் எந்தக் கணக்குகள் அவன் பொறுப்பில் இருந்தன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கடையின் ஆடிட்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். கேம்பஸ் தேர்வுக்கு மகனை அனுப்பும் பெற்றோர், கம்பெனியின் பெயரைக் கேட்டவுடன் எந்தப் பிரிவு, யாருடைய சம்பளப் பட்டியல், முதல் ஆண்டில் என்ன வேலை என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். பெண் வீட்டார் கேட்டாலும் அதையே சொல்லலாம்.