சவுக்காரத்தில் காரம் உண்டு

சென்ற தை மாதம் ஒரு திருமணத்திற்குப் போயிருந்தேன். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஒரு சோப்புக்கட்டி இருந்தது. பழுப்புக் காகித உறை, வாழைநார்க் கட்டு. உறையின்மேல் மூன்று வரிகள்: பாட்டி கைப்பக்குவம், நூறு சதவீதம் இயற்கை, ரசாயனம் துளியும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சைப்புல் தைலம், நல்ல தைலம்தான். கட்டியும் விரிசலின்றி, ஓரம் மழுங்காமல் இறுகியிருந்தது. கை பழகிய ஒருவர் பொறுமையாகச் செய்தது என்று தெரிந்தது. அதனால்தான் அந்த மூன்று வரிகள் என்னை இவ்வளவு வருத்தின. மூன்றுமே உண்மையல்ல.

நானும் ஆறேழு ஆண்டுகளாக வீட்டில் சோப்பு செய்து வருகிறவன். விற்பதில்லை, உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதோடு சரி. ஆகவே இதைத் தொழில் பொறாமை என்று யாரும் கொள்ள வேண்டாம்.

முதலில் பாட்டி. என் பாட்டி வாழ்நாளில் ஒரு கட்டி சோப்பும் செய்ததில்லை. தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு, உடம்புக்குப் பயத்தமாவு, பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அவற்றுக்குள்ளேயே இருக்கும் ஒருவகைப் பொருளால். அவை அழுக்கை நீக்கும். ஆனால் சோப்பு அல்ல. கொழுப்பும் காரமும் கூடிப் பிறப்பதுதான் சோப்பு. அந்தக் கூடலில் நிகழ்வது என்ன என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். நம்மூரில் காரத்தின் வலிமையை அறிந்திருந்தவர்கள் சலவைத் தொழிலாளிகள். உவர்மண் கரைசலில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தவர்கள் அவர்கள். 'பாரம்பரியம்' என்று உறையில் அச்சிடுகிற யாரும் அவர்களை நினைவுகூர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் மொழி இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்திருக்கிறது. பழைய தலைமுறையினர் சோப்பைச் சவுக்காரம் என்றார்கள். ஈழத்தில் இன்றும் சவர்க்காரம்தான். சவர் என்றால் உவர்ப்பு; அடுத்து வருவது காரம். பொருள் எதிலிருந்து பிறந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லைத் தமிழகத்தில் துணிக்கட்டியோடு ஒதுக்கிவிட்டோம். இப்போது பொருளிலிருந்தும் காரத்தை ஒதுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அது நடவாத காரியம். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஐந்து சதவீதம் எண்ணெயை மாறாமல் விட்டுவைப்பது வழக்கம். அப்போது 174 கிராம். நல்லெண்ணெய்க்கு இது குறையும், விளக்கெண்ணெய்க்கு இன்னும் குறையும். கண்ணளவு, கையளவு எதுவும் இங்கே செல்லாது; தராசுதான். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நெருப்பில்லாமலே பாத்திரம் கை வைக்க முடியாதபடி சுடும். அலுமினியப் பாத்திரமென்றால் காரம் அதையே தின்னத் தொடங்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்குகிறவரை நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

இத்தனை ஆபத்தான பொருள், கணக்குச் சரியாக இருந்தால், முடிவில் காணாமற்போகிறது என்பதுதான் இதன் அழகு. கரைசலை எண்ணெயில் விட்டுக் கலக்கக் கலக்க, ஒரு கட்டத்தில் துடுப்பிலிருந்து வழியும் இழை மேற்பரப்பில் கோடாகத் தங்கும். தோசைமாவுப் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழையைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். பிறகு அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். அதற்குள் காரமும் இல்லை, எண்ணெயும் பெரும்பாலும் இல்லை; சோப்பும் கிளிசரினும் இருக்கின்றன. காஸ்டிக் சோடா 'இல்லை' என்று அப்போது சொல்லலாம். 'சேர்க்கவே இல்லை' என்பது வேறு வாக்கியம்.

நறுமணத் தைலங்களைப் பற்றித்தான் அதிகம் புனைகிறார்கள். மன அழுத்தம் போகும், தூக்கம் வரும், தோல் இளமையாகும் என்றெல்லாம். ஒரு நிமிடம் உடம்பில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகிற நுரையிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது அநியாயம். மணம் மனத்துக்கு இதம்; அது போதாதா? ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு மூன்று நான்கு டன் இதழ் வேண்டும். உண்மையான சந்தனத் தைலம் கிலோ லட்ச ரூபாய்க்கும் மேல். இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு, அறுபது ரூபாய்ச் சோப்பில் எந்தச் சந்தனம் இருக்கும் என்பதும் தெரியும். நம்முடையது என்று நாம் நம்பும் நீலகிரித் தைலத்தின் மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டது.

செடியிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்ற நம்பிக்கையை நானும் கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கிராம்புத் தைலம் சேர்த்து ஒரு சோப்பு செய்தேன். கிலோ எண்ணெய்க்கு 20 மில்லி. கிராம்பு பட்டதும் கலவை சட்டென்று இறுகிவிட்டது. அதையே ஓர் எச்சரிக்கையாகக் கொண்டிருக்கலாம். அண்ணிக்கு நான்கு கட்டி கொடுத்தேன். மணம் பிடித்துப்போய்ப் பாத்திரம் கழுவியபின் கைகழுவவும் அதையே பயன்படுத்தியிருக்கிறார். ஒரு மாதம் கழித்துப் போனபோது விரலிடுக்குகள் சிவந்து வெடித்திருந்தன. "இயற்கைதானே தம்பி, கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று இருந்துவிட்டேன்" என்றார். கடைச் சோப்பாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே நிறுத்தியிருப்பார். என் சொல்லை நம்பித்தான் ஒரு மாதம் தேய்த்திருக்கிறார். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அதில் என்னென்ன இருக்கிறது என்பது. அண்ணியிடம் பதில் இல்லை. நான் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

கிராம்பிலுள்ள யூஜினால், எலுமிச்சைப்புல்லிலுள்ள சிட்ரால், லாவெண்டரிலுள்ள லினலூல் எல்லாம் சிலரது தோலுக்கு ஒவ்வாதவை. குறிப்பிட்ட அளவுக்குமேல் இருந்தால் இவற்றின் பெயரை உறையில் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 26 பொருள்களாக இருந்த அந்தப் பட்டியலை 2023இல் 80க்கும் மேலாக விரித்திருக்கிறார்கள். தைலம் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று அந்த விதி பார்ப்பதில்லை. தோலும் பார்ப்பதில்லை.

திருமணச் சோப்பின் உறையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். இளம்பெண் ஒருவர் பேசினார். சோப்பை மனதாரப் பாராட்டிவிட்டு, காஸ்டிக் சோடா என்ன கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் சரியான கணக்கைச் சொன்னார். பிறகு ஏன் உறையில் அப்படி என்றேன். "உள்ளதைப் போட்டால் யார் சார் வாங்குவார்கள்?" என்றார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. வாங்குகிறவர்களாகிய நாம்தான் அந்தப் பொய்யைக் கேட்டு வாங்குகிறோம் என்பது அதன்பிறகுதான் உறைத்தது.

இப்போது நான் கொடுக்கும் கட்டிகளுடன் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர், எலுமிச்சைப்புல் தைலம், செய்த தேதி. சோடாவின் பெயரைப் பார்த்து இரண்டு பேர் சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணி தைலம் சேர்க்காததை மட்டும் வாங்கிக்கொள்கிறார், சீட்டை முழுவதும் படித்துவிட்டு.