மௌனம் சம்மதம் ஆகாது!

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்கும் வைபவத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் இன்ஸுலின் போட்டுக் கொள்ளும் ஒருவரின் தலைமாட்டில் இருக்கும் செல்போன் விஷயத்தில் அந்தப் பழமொழியை நம்பினால் ஆபத்து, நேயர்களே! இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டில் படித்தேன்.

பெரியப்பா ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். வயது 73. சர்க்கரை வியாதி 20 வருஷமாக. இன்ஸுலின் 8 வருஷமாக. சென்ற வருஷம் அவருடைய பெண், அதாவது பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா, அவர் கையில் ஒரு குளுகோஸ் சென்சாரை ஒட்டிவிட்டுப் போனாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்ட வில்லை அது. அதன் அடியில் தலைமயிர் போன்ற இழை ஒன்று தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். இழையில் பூசியுள்ள ஒரு நொதி, அங்குள்ள குளுகோஸோடு சேர்ந்து, மிகமிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். இந்த யுக்திக்கு 1962-இல் அஸ்திவாரம் போட்டவர் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. இன்றைய சென்சார், அளந்த கணக்கைப் புளூடூத் மூலம் செல்போனுக்கு அனுப்பிவிடுகிறது. சர்க்கரை இறங்கினால் போன் கூச்சல் போடும். அதே சமயம் பெங்களூரில் அக்காவின் போனும் கூச்சல் போடும்.

"என் கையிலேயே ஒரு சப் போஸ்டாபீஸ் திறந்திருக்கேன்டா! பெங்களூருக்கு உடனுக்குடன் டெலிவரி!" என்று பெரியப்பாவுக்கு ஏகப் பெருமை.

அந்தத் தபாலாபீஸ் ஓர் ஐப்பசி மாத இரவில் கதவைச் சாத்திவிட்டது.

அன்று சாயங்காலம் முழுவதும் மழை, கரண்டும் இல்லை. பெரியப்பாவின் போனில் சார்ஜ் வெகுவாக இறங்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பையன் நல்ல எண்ணத்தோடு வந்து, "தாத்தா, பேட்டரி மிச்சம் பிடிக்க ஒரு வழி செய்து தருகிறேன்" என்று எதையோ தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மழைக் குளிரில் பெரியப்பா இரண்டே இட்லியோடு எழுந்துவிட்டார். இன்ஸுலின் மட்டும் வழக்கமான அளவு.

இரவு இரண்டு மணிக்குப் பெரியம்மா தற்செயலாகப் புரண்டு படுத்தாள். அவள் கையில் ஈரம் தட்டிற்று. பெரியப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. உலுக்கி எழுப்பினால், "மெயில் பை இன்னும் வரலையா?" என்று உளறினார். பெரியம்மா நடுங்கிப் போனாள். ஆனாலும் புத்தி தடுமாறவில்லை. பழைய குளுகோமீட்டரை எடுத்து, விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். 48! எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு; 54-க்குக் கீழே போனால் அபாயம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தாள். பிறகுதான் பெரியப்பா, "ஏன் விளக்குப் போட்டிருக்கே?" என்று தெளிவாகக் கேட்டார்.

போன்? அது தலைமாட்டில் சமர்த்தாகப் படுத்திருந்தது. ஒரு முனகல் கூட இல்லை.

"நான் நடுராத்திரியில் எழுந்து போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சரி, அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேனே!" என்று மறுநாள் அக்கா விம்மினாள். அந்த வார்த்தைதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. தபால் வராததை அவள் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டாள். நாம் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

காலேஜில் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, அந்தப் போனைச் சரி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மறுநாள் அதைத் திறந்து பார்த்த எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இரவின் கோடு முழுவதும் அழகாக வரைந்திருந்தது! இரண்டு மணிக்கு நேராக ஒரு பெரிய பள்ளமும் இருந்தது. இது எப்படி? சென்சார் சில மணி நேரக் கணக்கைத் தனக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்திருக்கும். சிலவற்றில் 8 மணி நேரம். சிலவற்றில் 24 மணி நேரம். தொடர்பு திரும்பியதும் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பித்துவிடும். ஆகவே, கோடு முழுமையாக இருப்பதாலேயே இரவில் காவல் இருந்தது என்று அர்த்தமில்லை. "சாவுத் தந்தியைக் கருமாதிக்கு மறுநாள் டெலிவரி பண்ணின மாதிரி!" என்றார் பெரியப்பா. அவருக்கு அது வேடிக்கை, பெரியம்மாவுக்கு இல்லை.

இந்தத் தபால் மூன்று கட்டங்களில் போகிறது. எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கட்டம், கையிலிருந்து போனுக்கு. புளூடூத்தின் குரல் மெல்லிய குரல். சில சென்சார்களுக்கு எல்லை 6 மீட்டர், அதாவது இருபது அடி. அதுவும் குறுக்கே ஒன்றும் இல்லாவிட்டால். சுவர் அதைத் தடுக்கும். நம் உடம்பும் தடுக்கும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். போனைக் கூடத்தில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அறையில் படுத்தால் தபால் தவறத்தான் செய்யும். தொடர்பு போய்விட்டால், முதலில் போனைக் கைக்கு அருகில் கொண்டுவாருங்கள். புளூடூத்தை நிறுத்தி மறுபடி போடுங்கள். சில நிமிஷம் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் போனையே ஒரு முறை அணைத்து எழுப்புங்கள். பெரும்பாலும் இவ்வளவில் சரியாகிவிடும். புதிதாகப் பொருத்திய சென்சார் முதல் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பேசாது. அது அதன் சுபாவம். ஆயுள் முடிந்த சென்சார் பேசவே பேசாது. அதன் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 15 நாள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று தோன்றும். சில சென்சார்கள் பதிவிரதைகள். தம்மைத் துவக்கி வைத்த செயலியோடுதான் பேசும். செயலியை அழித்தால், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த சென்சார் வீணாகலாம். கூட வந்த கையேட்டைப் பார்க்காமல் அந்தக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது கட்டம், போனுக்குள்ளே. எங்கள் வீட்டுத் திருடன் அகப்பட்டது இங்கேதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சொன்னால் போன் என்ன செய்யும்? திரையில் தெரியாமல் பின்னால் வேலை செய்யும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தூங்க வைக்கும். பாட்டுக் கேட்கும் செயலி தூங்கினால் நஷ்டமில்லை. காவல்காரனே தூங்கினால்? ஆகவே, சென்சார் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு கிடையாது என்று அமைப்புகளில் சொல்லி வைக்க வேண்டும். அறிவிப்புகளுக்கு அனுமதி இருக்கிறதா, 'தொந்தரவு செய்யாதே' என்ற ஏற்பாட்டையும் மீறிக் கூவ அதற்கு உத்தரவு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

பெரியப்பா இருப்பிட அனுமதியையும் மறுத்து வைத்திருந்தார். "நான் இருக்கிற இடம் இதுக்கு எதுக்கு?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்ட்ராய்ட் போன்களில், 2021-இல் 12-ஆம் பதிப்பு வரும்வரை, பக்கத்திலுள்ள புளூடூத் கருவியைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவை என்று வைத்திருந்தார்கள். அவருடையது பழைய போன். கையெழுத்துப் போடாமல் ரிஜிஸ்தர் தபால் கிடைக்குமா என்று கேட்டேன். உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. எச்சரிக்கை ஒலி வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு வரவில்லை. சில சமயம் மரணம் வரை அதனால் நேர்ந்திருக்கலாம் என்றது. போனின் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு செயலி ஒத்துழைக்காமல் போவது, புதிதாக இணைத்த காதணி ஒலிபெருக்கிக்கோ கார் ரேடியோவுக்கோ சத்தம் திசை மாறிப் போய்விடுவது, செயலி ஆழ்ந்த நித்திரையில் ஆழ்வது, இவையெல்லாம் அது காட்டிய காரணங்கள். மாதம் ஒரு முறையாவது அமைப்புகளைச் சரிபார்க்கச் சொல்கிறது.

மூன்றாவது கட்டம், போனிலிருந்து பெங்களூருக்கு. இது இன்டர்நெட் வழி. இங்கே கோளாறு நம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. 2019 நவம்பர் கடைசியில், டெக்ஸ்காம் நிறுவனத்தின் பகிர்வுச் சேவை அமெரிக்காவில் படுத்துவிட்டது. நோயாளியின் போனில் எண்கள் வந்தன. தூரத்திலிருந்து கவனித்த தாய் தகப்பன்மாருக்கு வரவில்லை. அங்கும் பலர் மௌனத்தை க்ஷேமம் என்றே நினைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

தபால் ஒழுங்காக வந்தாலும், கடிதத்தில் உள்ளது சரியா என்பது வேறு கேள்வி. சென்சார் வைத்த கைமேல் ஒருக்களித்துப் படுத்து அதை அழுத்தினால், இல்லாத தாழ்வைக் காட்டும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும், சென்சார் சில நிமிஷம் பின்தங்கியே சொல்லும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திரவத்தை.

ஆகையால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மனிதரைப் பாருங்கள். அடுத்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். மூன்றாவதாகத்தான் போன். வியர்வை, நடுக்கம், உளறல் இருந்து, சோதித்துப் பார்க்க வழியில்லாவிட்டால், காத்திராமல் சர்க்கரை கொடுங்கள். ஆனால் நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது பெரியப்பா வீட்டில் மாதம் முதல் தேதி 'இன்ஸ்பெக்ஷன்' நடக்கிறது. அக்கா பெங்களூரிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்லுவார். தலைமாட்டில் குளுகோமீட்டரும் ஒரு சின்னச் சர்க்கரை டப்பாவும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. பெரியம்மா மட்டும் எந்த அமைப்பையும் தொடுவதில்லை. நடுராத்திரியில் ஒரு தடவை எழுந்து, பெரியப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். அவர்களில் சென்சார் அணிந்த யாராவது உங்கள் வீட்டில் இருக்கலாம். அல்லது வெளியூரில் இருக்கும் உங்கள் அப்பாவாக இருக்கலாம். இன்று இரவு படுக்கப் போகுமுன் அவருடைய எண் உங்கள் போனில் எத்தனை மணிக்குக் கடைசியாக வந்தது என்று பாருங்கள். நேரம் பழையதாக இருந்தால், யோசிக்காமல் ஒரு போன் போட்டுவிடுங்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாயே என்று திட்டுவார். திட்டட்டும், அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.