சாமை விடுவித்த சினிமா

நாவலைப் படமாக்கும்போது பாத்திரத்தை மாற்றலாமா கூடாதா என்ற சண்டை ஓயப்போவதில்லை. 2022இல் பொன்னியின் செல்வன் வெளிவந்தபோது நந்தினியின் பெயரால் நடந்த வாக்குவாதங்கள் இன்னும் காதில் இருக்கின்றன. இந்தச் சண்டைகளில் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மாற்றியதால் கதைக்குள் யாருடைய குற்றம் குறைந்தது? அதைக் கேட்டுப் பார்க்க தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலில் மோதிரத்துக்கு அடிமையான கோல்லத்தைவிடத் தோதான ஆள் கிடைக்கமாட்டான்.

மாற்றுவதே துரோகம் என்று சொன்னால் முதலில் நாவலாசிரியர் டோல்கியனையே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். 1937இல் வந்த தி ஹாபிட் முதல் பதிப்பில் கோல்லம் ஓரளவு நாணயஸ்தன். விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றபின் தேடுகிறான், காணவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எதிரே போட்டியிட்ட கதாநாயகன் பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டிவிடுகிறான். பெரிய நாவலை எழுதத் தொடங்கியபோது இந்தக் கோல்லம் ஒத்துவரவில்லை. ஒருவனை அடிமைகொள்ளும் மோதிரத்தை அந்த அடிமையே எப்படிப் பந்தயம் வைப்பான்? 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார் டோல்கியன். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஒரு காரணமும் வைத்துவிட்டார். கெட்டிக்காரர்தான். அந்தத் திருத்தத்தால் கோல்லமும் ஆழப்பட்டான், பில்போவின் மீதும் ஒரு சிறு கறை விழுந்தது.

பீட்டர் ஜாக்சனும் ஃப்ரான் வால்ஷும் ஃபிலிப்பா போயன்ஸும் சேர்ந்து எழுதிய படங்களில் நடந்தது வேறு. 2002இல் வந்த இரண்டாம் படத்தில் கோல்லம் தனக்குள் வாதாடும் காட்சியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஃப்ரான் வால்ஷ் இயக்கிய காட்சி அது. முதலில் கேமரா அவன் முகத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்கிறது. பிறகு நகர்வதையும் விட்டுவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இரண்டு பேரைக் காட்டுவதுபோல மாறி மாறி வெட்டுகிறது. இருப்பது ஒரே உடல், அதுவும் ஆண்டி செர்கிஸின் நடிப்பின்மேல் கணினியில் வரைந்த உடல். பார்க்கிற நமக்கோ இரண்டு பேர். நாவலில் இதே வாதத்தை, மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவின் துணையாள் சாம் தூக்கக் கலக்கத்தில் ஒட்டுக்கேட்கிறான். அது கோல்லத்தின் கை ஃப்ரோடோவின் கழுத்தை நோக்கி ஊர்வதில் முடிகிறது. படத்தில் ஸ்மீகல் என்ற அவனுடைய பழைய நல்ல பாதி ஜெயிக்கிறான். உள்ளிருந்த கோல்லத்தை விரட்டிவிட்டுக் குதித்துக் கூத்தாடுகிறான். நாவல் அவனுக்குத் தராத வெற்றி இது. இந்த இடத்தில் டோல்கியனைவிடப் படக்காரர்களே தாராளமானவர்கள்.

அந்தத் தாராளத்துக்கு வட்டி பின்னால் வசூலாகிறது. குளத்தருகே ஃப்ரோடோ நம்பிக்கையாகக் கூப்பிட, படைத்தலைவன் ஃபாரமிரின் ஆட்கள் ஸ்மீகலைப் பிடிக்கிறார்கள். நாவலிலும் இது உண்டு. படத்தில் கூடுதலாக உதை விழுகிறது. சுவரைப் பார்த்துச் சுருண்டு அழுகிறவனிடம் விரட்டப்பட்ட குரல் திரும்பி வருகிறது. இரண்டாம் படம் முடிவதற்குள் ராட்சதச் சிலந்தியின் குகைக்கு ஃப்ரோடோவையும் சாமையும் அழைத்துப்போகும் திட்டம் தயார். நம்பினான், ஏமாந்தான், அடிபட்டான், ஆகவே கெட்டான். உளவியல் பாடத்தில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

நாவல் இவ்வளவு சுலபமாகக் கணக்கை முடிப்பதில்லை. பிடிபட்ட அவமானத்துக்குப் பிறகு, துரோகத்துக்கு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு, அந்தக் குகைக்குப் போகும் கிரித் உங்கோல் படிக்கட்டுக்குத் திரும்பி வருகிறான் கோல்லம். சாமின் மடியில் தலைவைத்து ஃப்ரோடோ தூங்குகிறான், சாமும் தூங்கிவிட்டான். பார்த்துக்கொண்டே நிற்கிறவனின் கண்ணில் வழக்கமான பச்சை மினுக்கு அணைந்துபோகிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறான், தலையை ஆட்டிக்கொள்கிறான், நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்தச் சில கணங்களுக்கு அவன் காலத்தைத் தாண்டி உயிரோடு கிடந்து இளைத்துப்போன ஒரு கிழட்டு ஹாபிட், அவ்வளவுதான். அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். எஜமானைத் தொடுகிற கையைப் பார்க்கிறான். என்னடா செய்கிறாய், எங்கே பதுங்கிப் போய்விட்டுப் பதுங்கி வருகிறாய் என்று அதட்டுகிறான். பச்சை வெளிச்சம் திரும்பிவிடுகிறது. சற்றுப் பொறுத்து சாம் வருத்தம் தெரிவிக்கத்தான் செய்கிறான். காலம் கடந்துவிட்டது.

1963இல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கியன் கதையின் மிகப் பெரிய சோகம் இதுதானோ என்கிறார். கோல்லத்தின் தொனியும் தோற்றமும் மாறியதை சாம் கவனிக்கவில்லை, அதனால் அவன் மனந்திரும்பல் கருகிப்போனது, சிலந்தியின் குகை தவிர்க்க முடியாததானது என்பது அவர் கணக்கு. சாம் கெட்டவனல்ல. அவனளவு நல்லவன் அந்த நாவலில் வேறு யார்? ஃப்ரோடோமேல் வைத்த பாசமே அந்த நேரத்தில் அவன் கண்ணை மறைத்தது.

2003இல் வந்த மூன்றாம் படத்தில் இந்தக் காட்சி இல்லை. அதே படிக்கட்டில் வேறொன்று நடக்கிறது. இருவரும் தூங்கும்போது கோல்லம் லெம்பாஸ் ரொட்டியைப் பள்ளத்தில் எறிகிறான், சாமின் சட்டைமேல் துணுக்குகளைத் தூவிவைக்கிறான். ரொட்டியைத் திருடித் தின்றவன் சாம் என்று நம்பிய ஃப்ரோடோ அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறான். மாமியார் மருமகள் சீரியலில் நகையை ஒளித்துவைக்கும் உத்திக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. குகைக்குள் ஃப்ரோடோ தனியாக நுழைந்தால்தான் பார்வையாளருக்கு வயிறு கலங்கும், ஆகவே சாமை அப்புறப்படுத்தியாக வேண்டும். நாவலில் இருவரும் சேர்ந்தே நுழைகிறார்கள், அப்போதும் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

இந்த மாற்றத்தால் கோல்லத்துக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பலரும் சொல்லியாயிற்று. எங்கள் ஆதங்கம் சாமைப் பற்றியது. தண்ணீரில் தெரியும் தன் பிம்பத்தோடு கோல்லம் கொலைத்திட்டம் பேசுவதைப் படத்தில் சாம் தன் காதாலேயே கேட்கிறான். அவன் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி, அவன் வெறுப்பு நியாயம், மேலே பழியையும் அநியாயமாகச் சுமக்கிறான். படம் முடியும்போது அவன் பெயரில் ஒரு பிழையும் மிச்சமில்லை. நாவலின் சாம் ஆபத்தை மொத்தத்தில் சரியாகக் கணித்தவன், அந்த ஒரு கணத்தில் மட்டும் தவறியவன். எரிமலைச் சரிவில் கோல்லம் வாளுக்கெதிரே விழுந்து கிடக்கும்போது அவனால் வெட்ட முடியாமல் போவதும் நாவலில்தான். கொஞ்ச நேரமே மோதிரத்தைச் சுமந்திருந்தாலும் அது ஒருவனை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் தராததை அங்கே தருகிறான். படத்தில் அந்தச் சரிவில் இருப்பது அடிதடி மட்டும்.

முடிவிலும் இதே கைவேலை. நாவலில் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்த கோல்லம் ஆனந்தக் கூத்தில் கால் தவறி விழுகிறான். மறுபடி என்னைத் தொட்டால் நெருப்பில் விழுவாய் என்று ஃப்ரோடோ சற்று முன்புதான் எச்சரித்திருக்கிறான். படத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. ஃப்ரோடோவே தள்ளிவிடுவதாக முதலில் படமாக்கினார்கள். அது கொலையாகத் தெரியவே, இருவரும் கட்டிப் புரண்டு விளிம்பைத் தாண்டுவதாக மாற்றினார்கள். கதாநாயகன் கடைசியில் எதையாவது செய்தே தீரவேண்டும் என்ற சினிமா விதிக்கு அவர்களும் தப்பவில்லை.

மூன்றாம் படம் 11 ஆஸ்கர் வாங்கியது, தழுவல் திரைக்கதைக்கான விருதும் அதில் சேர்த்தி. அதில் எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் ஒரு பாவியின் இரட்டை மனத்தை அவ்வளவு அழகாகக் காட்டத் தெரிந்தவர்கள், ஒரு நல்லவனின் சின்னத் தவறைக் காட்டத் துணியவில்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

ஆண்டி செர்கிஸே இயக்கி நடிக்கும் தி ஹன்ட் ஃபார் கோல்லம் படத்தை 2024 மே மாதம் அறிவித்தார்கள், 2027 டிசம்பரில் வெளியீடு என்கிறார்கள். போகிறவர்கள் அதற்கு முன் நாவலின் இரண்டாம் பகுதியான தி டூ டவர்ஸின் நான்காம் புத்தகத்தில், அந்தப் படிக்கட்டுக் காட்சி வரும் எட்டாம் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.