சொல்லுக்கு ஏழே மார்க்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'பேச்சுத் திறன்' சொல்லித்தரும் வகுப்புகள் பெங்களூரிலும் நொய்டாவிலும் ஏராளம். அவற்றில் பலவற்றில் தவறாமல் திரையில் வந்து நிற்கிறது ஒரு வட்டம். மூன்று துண்டாக வெட்டிய வட்டம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வதில் சொல்லின் பங்கு 7 சதவிகிதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55. யாரும் எதிர்க்கேள்வி போடுவதில்லை. கணக்கு சரியென்றால், தமிழே தெரியாத பஞ்சாபிக்காரரைத் திண்டுக்கல் பட்டிமன்றத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தால் 93 சதவிகிதம் விளங்கியிருக்க வேண்டும்.

இந்த எண்களின் பூர்வீகம் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் சகாக்களும் 1967இல் இரண்டு சிறிய ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒன்றில், தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் பதிவு செய்து மாணவியருக்குப் போட்டுக் காட்டினார்கள். 'கண்ணே' என்பதை எரிச்சலோடு சொல்வது, 'முரடா' என்பதைக் கொஞ்சலாகச் சொல்வது என்ற ரகம். இன்னொன்றில் ஒற்றைச் சொல்லோடு முகப் படங்களையும் சேர்த்தார்கள். சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? கேள்வி அவ்வளவுதான். சொல்லும் தொனியும் மோதும்போது தொனியைத்தான் நம்பினார்கள். வேண்டா விருந்தாளியை 'வாங்க' என்று அழைக்கும் குரலைக் கேட்ட எவருக்கும் இது புதிதல்ல. விருப்பு வெறுப்பைத் தாண்டி வேறு பேச்சுக்குத் தன் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே சொல்லிவிட்டார். வட்டம் கேட்பதாக இல்லை.

உணர்ச்சியைக் காட்டுவதில் முகம் பெரிய ஆள்தான். தொல்காப்பியம் நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளுக்கு ஒரு தனி இயலே ஒதுக்கியது. கதகளியில் நடிகர் வாயே திறப்பதில்லை, கண்ணும் கையும்தான் பேசுகின்றன. ஆனால் பின்னால் நின்று இருவர் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். சொல் வெறும் 7 சதவிகிதம் என்றால் இரவெல்லாம் அவர்கள் தொண்டையை வருத்திக்கொள்வானேன்? முத்திரைகளும் பழகியவருக்குத்தான் பேசும். புதியவருக்கு அவை அழகான விரலசைவுகள்.

முகமும் குரலும் இல்லாமலேயே இந்தியா ஒரு நூற்றாண்டுக்கு மேல் அழுதிருக்கிறது. 2013 ஜூலையில் மூடப்பட்ட தந்தி சேவையைத்தான் சொல்கிறோம். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால் யாரும் விரித்து எழுதவில்லை. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் எண் போட்ட ஆயத்த வாழ்த்துகள் இருந்தன, எண்ணைக் குறித்தால் போதும். சாவுச் செய்திக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' நான்கே சொற்கள், அதுவும் பெற்றவர்களில் பலருக்குத் தெரியாத இங்கிலீஷில். படித்துச் சொல்ல ஆள் வருவதற்குள் வீட்டில் ஒப்பாரி எழுந்துவிடும். 'சீரியஸ்' என்றால் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அனுப்பியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். நேரில் சொல்ல நாக்கு எழாததை அந்தப் பொய் சொன்னது. நான்கு சொற்களுக்கும் உயிர் கொடுத்தது இந்தப் பொதுவான பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் தொனி மட்டும் என்ன செய்யும்? பெருநகர ஆஸ்பத்திரி ஒன்றின் புறநோயாளிப் பிரிவைப் பார்த்தால் தெரியும். டாக்டர் கனிவாகத்தான் பேசுகிறார். புன்னகையும் உண்டு. 'பயாப்ஸி பாஸிட்டிவ்' என்கிறார். பாஸிட்டிவ் என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 93 சதவிகிதமும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் என்ற செய்திதான் சேரவில்லை.

கெட்ட செய்தி சொல்வதற்கென்றே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு ஆறு படிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்துத் தந்தார்கள். அதில் நோயாளியின் அழுகைக்கு இடம் கொடுப்பது ஐந்தாவது படி. அதற்கு முன்பே, அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும், பிறகு அவருக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். வாசலில் இன்னும் அறுபது பேர் காத்திருக்கும்போது, கேட்பதற்கு எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? புன்னகைக்கு அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை.