சரிவுக்கு ஏற்ற விலை வேண்டும்

போர்ச்சுகல் நாட்டின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் தயாராகும் சிவப்பு ஒயினுக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. ஆனால், அதற்குத் திராட்சை தரும் சிறு விவசாயிகள் பலருக்குச் சாகுபடிச் செலவுகூடத் திரும்புவதில்லை.

அங்கே நிலம் என்பதே மனிதர் உண்டாக்கியது. பலகை பலகையாகப் பிளக்கும் பாறையை உடைத்து, காரை பூசாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, செங்குத்தான மலைச்சரிவைப் படிக்கட்டு வயலாக்கினார்கள். பாறைப் பிளவுகளில் வேர் ஆழமாக இறங்குவதால், வறண்ட கோடையையும் கொடி தாங்குகிறது. ஆனால் பழைய படிகளில் அறுவடை எந்திரம் ஏறாது. கையால்தான் பறிக்க வேண்டும். மழையில் சுவர் சரிந்தால், கல் அடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். இந்த நிலக்காட்சியை 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1756-ல் எல்லை வகுக்கப்பட்ட இப்பகுதி, திராட்சைச் சாராயம் சேர்த்த இனிப்பான போர்ட் ஒயினால் புகழ்பெற்றது. ஆண்டுதோறும் எவ்வளவு போர்ட் தயாரிக்கலாம் என்று அளவு நிர்ணயிக்கிறார்கள். சரிவு, மண், உயரம், கொடியின் வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, தோட்டங்களை ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்து, அந்த அளவைப் பங்கிடுகிறார்கள். அந்தப் பங்குக்குள் வரும் திராட்சைக்கு நல்ல விலை. அதே கொடியில் காய்த்தாலும், சாதாரண சிவப்பு ஒயினுக்குப் போகும் மீதிக்கு மிகக் குறைந்த விலை. 2023-ல் 550 லிட்டர் கொள்ளும் 1,04,000 பீப்பாயாக இருந்த போர்ட் அளவு, 2025-ல் 75,000 ஆகக் குறைந்தது. நல்ல விலை கிடைக்கும் பங்கு அந்த அளவுக்குச் சுருங்கியது.

சிவப்பு ஒயின் தரம் தாழ்ந்தது என்பதால் அல்ல இந்த விலை. 1952-ல் முதன்முதலாகத் தயாரான ‘பார்க்கா வெல்யா’, போர்ச்சுகலின் மிக மதிப்புள்ள ஒயின்களில் ஒன்று. அதுவும் இந்தப் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயின்தான்.

விற்பனை சரியும்போது விலையை உயர்த்தினால் சரக்குத் தேங்கும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். அது நியாயமான கவலைதான். அதற்காக எல்லாத் திராட்சையையும் வாங்கச் சொல்லவில்லை. வாங்குவதைச் செலவுக்குக் கீழே வாங்காதீர்கள் என்பதே கோரிக்கை. சமவெளி விவசாயி வேறு பயிருக்கு மாறலாம்; கல்படியில் நிற்பவருக்கு அந்த வழி குறைவு.

தரம் பிரிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. போர்ட்டுக்குப் பயன்படும் அதே மதிப்பெண்ணை வைத்து, சிவப்பு ஒயின் திராட்சைக்கும் குறைந்தபட்ச விலை வகுக்கலாம். சுவர் பராமரிப்புச் செலவும் அதில் சேர வேண்டும். அந்த விலையை அறுவடைக்கு முன்பே விவசாயியின் கையில் எழுத்தாகத் தர வேண்டும்.